ஸ்பானிஷ் ‘-ஆர்’ வினைகள்: அட்டவணை தெரியும், வாயில் ஏன் ஆள் மாறுகிறது?

கேள்வி சுருக்கமாக இது: கேட்டவர் புதுச்சேரிக்காரர். பள்ளியில் பிரெஞ்சு படித்தவர், இப்போது வேலைக்காக ஸ்பானிஷ் தொடங்கியிருக்கிறார். ‘-ஆர்’ என்று முடியும் வினைகளின் நிகழ்கால விகுதிகள் மனப்பாடம். தாளில் எழுதினால் ஒரு பிழை இல்லை. ஆனால் பேசும்போது, தான் செய்வதாகச் சொன்னதை எதிரில் இருப்பவர் வேறு யாரோ செய்து முடித்ததாகப் புரிந்துகொள்கிறார். எங்கே கோளாறு?

விகுதியில் கோளாறு இல்லை, அழுத்தத்தில்தான். பிரெஞ்சில் சொற்றொடரின் கடைசி அசையில் குரல் விழும். அந்தப் பழக்கத்தோடு ஸ்பானிஷ் வினையைப் படித்தால் ‘நான் பேசுகிறேன்’ என்பது அப்படியே ‘அவர் பேசினார்’ ஆகிவிடும். எழுத்துகள் அதேதான், இறந்தகாலத்தில் கடைசி உயிரின் மேல் ஒரு கோடு கூடும். பேச்சில் அந்தக் கோடுதான் முழு வித்தியாசமும்.

முதலில் ஒரு குறிமுறை. ஸ்பானிஷ் சொற்களைத் தமிழ் எழுத்தில் தரும்போது, அழுத்தம் விழும் அசையை நெடிலாகவும் மற்றவற்றைக் குறிலாகவும் எழுதுகிறேன். ஸ்பானிஷில் குறில் நெடில் வேறுபாடு பொருளை மாற்றாது, ஆனால் அழுத்தம் விழும் உயிர் இயல்பாகவே கொஞ்சம் நீளும். அழுத்தம் என்பது நம் காதுக்குப் பழகாத சங்கதி, நீட்டம் பழகியது. அதனால் நெடிலைப் பிடித்துக்கொண்டால் அழுத்தம் தானாக வந்துவிடும். இரண்டு மாத்திரை முழுதாக இழுக்க வேண்டாம், ஒன்றரை போதும். உங்கள் நோட்டில் மட்டும் ரோமன் எழுத்திலேயே எழுதுங்கள். தமிழ் எழுத்து ஒலிக்காக மட்டும்.

பேசு என்ற பொருளுள்ள வினை அப்லார். எழுத்தில் முன்னால் ஓர் எச் நிற்கும், ஒலிக்காது. பிரெஞ்சு தெரிந்தவருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கடைசி ‘ஆர்’ஐ வெட்டினால் மிஞ்சுவது பகுதி. அதன்மேல் ஆறு விகுதிகள்:

நான்: ஆப்லொ
நீ: ஆப்லஸ்
அவன், அவள், அவர், அது, மரியாதைக்குரிய ஒருவரை நோக்கி நீங்கள்: ஆப்ல
நாம், நாங்கள்: அப்லாமொஸ்
நீங்கள் பலர், ஸ்பெயின் வழக்கு: அப்லாய்ஸ்
அவர்கள், லத்தீன் அமெரிக்காவில் நீங்கள் பலர்: ஆப்லன்

நெடில் எங்கே இருக்கிறது என்று மட்டும் மறுபடி பாருங்கள். நான்கு இடத்தில் பகுதியில், இரண்டு இடத்தில் விகுதியில். ‘நாம்’, ‘நீங்கள் பலர்’ இரண்டுக்கு மட்டும் அழுத்தம் வலப்பக்கம் நகர்கிறது. பெரும்பாலான பாடப்புத்தகங்கள் ஒ, அஸ், அ, ஆமொஸ், ஆய்ஸ், அன் என்று விகுதியை மட்டும் கட்டம் போட்டுக் காட்டிவிட்டு இதை ஓர் அடிக்குறிப்பில் தள்ளிவிடும். என் கணக்கில் இதுதான் பாடம், விகுதிதான் அடிக்குறிப்பு. விகுதியைத் தப்பாகச் சொன்னாலும் கேட்பவர் ஊகித்துக்கொள்வார். அழுத்தம் மாறினால் ஊகிக்க வேண்டும் என்றே அவருக்குத் தோன்றாது, ஏனென்றால் வேறொரு சரியான சொல்லாக அது அவர் காதில் விழுகிறது. ‘ஆப்லொ’ நான் பேசுகிறேன், ‘அப்லோ’ அவர் பேசினார். ‘கோம்ப்ரொ’ நான் வாங்குகிறேன், ‘கொம்ப்ரோ’ அவர் வாங்கினார். நீங்கள் மீன் வாங்குவதாகச் சொல்ல, கேட்பவர் ‘யார் வாங்கினது?’ என்பார்.

விகுதி விஷயத்தில் தமிழருக்கு ஆதாயம்தான். பள்ளியில் படித்த பகுபத உறுப்பிலக்கணத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்: பேசு, கிறு, ஏன். பகுதி, இடைநிலை, விகுதி. ஸ்பானிஷிலும் ஆளைக் காட்டுவது விகுதியே. நிகழ்காலத்தில் காலம் காட்டும் இடைநிலை எதுவும் கிடையாது, பகுதிக்கும் விகுதிக்கும் நடுவில் ‘அ’ என்ற உயிர் மட்டும் வரும். சாரியை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘நான்’ வடிவத்தில் அதுவும் கெட்டு வெறும் ‘ஒ’ நிற்கும். இடைநிலை வேண்டும் என்றால் முன்பு வழக்கமாகச் செய்ததைச் சொல்லும் இறந்தகாலத்துக்குப் போங்கள், அங்கே ‘ப’ என்ற ஒலி நடுவில் வந்து உட்காரும். அது வேறு பாடம்.

விகுதியே ஆளைச் சொல்லிவிடுவதால் எழுவாய் தேவையில்லை. தமிழில் ‘நாளைக்கு வர்றேன்’ என்றாலே போதும், ‘நான்’ வேண்டாம். ஸ்பானிஷும் அப்படியே. பிரெஞ்சில் எழுவாயை விட முடியாது, காரணம் அங்கே மூன்று நான்கு வடிவங்கள் காதுக்கு ஒரே ஒலியாக விழும். அந்தப் பழக்கத்தில் ஒவ்வொரு வாக்கியத்தையும் ‘யொ’ என்று தொடங்கினால், ஸ்பானிஷ்காரர் காதுக்கு ‘நான்தான் வாங்கறேன், நான்தான் நடக்கறேன்’ என்று மார்தட்டுவதுபோல் இருக்கும். ‘யொ’, ‘தூ’ இரண்டையும் எதிர்நிலை காட்ட மட்டும் வையுங்கள்: ‘யொ த்ரபாஹொ, தூ கான்தஸ்’, நான் வேலை பார்க்கிறேன், நீ பாடுகிறாய். படர்க்கையில் மட்டும் கவனம். ‘ஆப்ல’ என்பது அவன், அவள், அவர், அது, மரியாதை ‘நீங்கள்’ அத்தனைக்கும் ஒன்று. தமிழ் வினையில் பால் தெரியும், ஸ்பானிஷ் வினையில் தெரியாது. பெண்பாலுக்குத் தனி விகுதி தேடி அலைய வேண்டாம். குழப்பம் வரும் இடத்தில் எல், ஏய, உஸ்தேத் என்று எழுவாயைச் சேர்த்தால் போதும். ‘நாம்’, ‘நாங்கள்’ வேறுபாடும் அங்கே இல்லை.

அந்த ‘உஸ்தேத்’ தனியாகப் பார்க்க வேண்டியது, புதுச்சேரிக்காரர்கள் அதிகம் சறுக்கும் இடம். தமிழில் ஒரு பெரியவரைப் பார்த்து ‘நீங்கள்’ என்றால் வினை பன்மை. பிரெஞ்சிலும் பன்மை. இரண்டும் சேர்ந்து உங்களை ‘அப்லாய்ஸ்’ பக்கம் இழுக்கும். ஒரே ஒரு பெரியவரிடம் அதைச் சொல்லக் கூடாது. அது பலரை நோக்கிய, அதுவும் உரிமையோடு பேசும் வடிவம். மரியாதைக்கு ஸ்பானிஷ் எடுப்பது படர்க்கை ஒருமையை: ‘ஆப்ல உஸ்தேத் எஸ்பஞோல்?’, நீங்கள் ஸ்பானிஷ் பேசுவீர்களா? ‘தங்கள் கருணை’ என்பதுபோல் ஒரு பழைய மரியாதைத் தொடர் தேய்ந்து வந்த சொல் அது, அதனால் படர்க்கை. நேரு வீதித் துணிக்கடையில் உங்கள் முகத்தைப் பார்த்தே ‘அம்மாவுக்கு என்ன கலர் வேணும்?’ என்று கேட்கிறார்களே, அந்தத் தொனியை மனதில் வைத்துக்கொண்டால் வினை தானாகச் சரியாக விழும். பலர் என்றால் ‘உஸ்தேதெஸ் ஆப்லன்’. லத்தீன் அமெரிக்கா முழுவதும் நண்பர்கள் கூட்டத்துக்கும் இதே வடிவம்தான். அந்தப் பக்கத்து ஆட்களோடுதான் உங்களுக்கு வேலை என்றால் ‘அப்லாய்ஸ்’ வரிசையைக் கேட்டால் புரிகிற அளவுக்கு வைத்துக்கொண்டு மேலே போங்கள்.

ஒலிப்பில் தமிழுக்கென்று சில நன்மைகள், சில பொறிகள்.

நன்மை: உயிர்களுக்கு நடுவில் வரும் ப, த, க நம் வாயில் மெலிந்து ஒலிக்கும். ‘அது’ என்பதில் உள்ள த, ‘பகல்’ என்பதில் உள்ள க. ஸ்பானிஷிலும் அந்த இடத்தில் கிட்டத்தட்ட அதே மெலிவு. பாகொ (காசு கொடுக்கிறேன்), யேகொ (வந்து சேர்கிறேன்), த்ரபாஹொ என்பதில் உள்ள ப, எஸ்தூதியொ (படிக்கிறேன்) என்பதில் உள்ள இரண்டாவது த, எல்லாம் தமிழ்போலவே சொல்லலாம். ஆங்கிலம் மூலமாகப் படிப்பவர்கள் இதற்கே மாதக்கணக்கில் திணறுவார்கள். சொல் முதலில் வரும் த-வும் பல்லில் நாக்குப்படும் நம் த-தான், ட அல்ல. தொமார், டொமார் இல்லை.

பொறி: மெல்லினத்துக்குப் பின்னால் வல்லினத்தை நாம் குழைத்துவிடுவோம். ‘பந்து’ என்பதில் த குழைகிறது, ‘கம்பு’ என்பதில் ப குழைகிறது. ஸ்பானிஷில் பாடு என்ற வினையில் ன-வுக்குப் பின் வருவது குழையாத, ‘பத்து’ என்பதில் ஒலிக்கும் த. அதனால்தான் கந்தார் என்று எழுதாமல் கன்தார் என்று எழுதுகிறேன். கொம்ப்ரார் என்பதில் ம்-முக்குப் பின் வரும் ப ‘கப்பல்’ ப, ‘கம்பன்’ ப அல்ல. ப்ரெகுன்தார் (கேள்வி கேள்) என்பதற்கும் இதே விதி. வாய் இதில் அடம்பிடிக்கும். மெதுவாக இரண்டாகப் பிரித்துச் சொல்லுங்கள்: கான், தொ. பிறகு சேருங்கள். உயிர்களுக்கு நடுவில் குழையாத த, க வரும் இடங்களில் இரட்டித்து எழுதியிருக்கிறேன், நெஸெஸித்தார் (தேவைப்படு), தொக்கார் (தொடு) என்பதுபோல். சொல்லும்போது இரட்டிக்க வேண்டாம்.

இன்னொரு பொறி கடைசி ன். பேச்சுத் தமிழில் ‘அவன் வரான்’ என்பதில் உள்ள ன் பாதி மூக்கில் கரைந்துவிடும். பிரெஞ்சிலோ பன்மை விகுதி காதுக்கே கேட்காது. இரண்டு பழக்கமும் சேர்ந்தால் ‘ஆப்லன்’ என்பது ‘ஆப்ல’ ஆகி, அவர்கள் அவராகிவிடுவார்கள். ன்-ஐ நாக்கு மேலே தொட்டு முடியுங்கள். ‘நீ’ வடிவத்தின் ஸ்-ம் அப்படியே. ஆனால் தெற்கு ஸ்பெயினிலும் கரீபியன் தீவுகளிலும் அந்த ஊர்க்காரர்களே கடைசி ஸ்-ஐ விழுங்குவது சகஜம். கேட்கும்போது இதை எதிர்பாருங்கள், பேசும்போது பின்பற்ற வேண்டாம். த்ரபஹார் என்பதில் உள்ள ஹ தொண்டையில் உராயும் ஒலி. அங்கே பிரெஞ்சு ஜே எழுத்தின் ஒலியைக் கொண்டுவந்து வைத்துவிடாதீர்கள். உ என்பதும் வெறும் உ, பிரெஞ்சில்போல் உதடு குவித்த இ அல்ல.

இனி பொருள். ஸ்பானிஷ் நிகழ்காலம் மூன்று வேலை செய்கிறது. இப்போது நடப்பதற்கு அது பொருந்தும். நாளை நடக்கப்போவதற்கும் பொருந்தும்: ‘மஞான த்ரபாஹொ’, நாளைக்கு வேலை பார்க்கிறேன். தமிழிலும் பேச்சில் இப்படித்தான். மூன்றாவதில்தான் தமிழ் நம்மைத் திசைதிருப்பும். ‘அக்கா தினமும் பால் வாங்குவாள்’ என்று வழக்கத்தைச் சொல்ல நாம் எதிர்கால வினையை எடுக்கிறோம். ஸ்பானிஷில் அதற்கு நிகழ்காலம்தான்: ‘மி எர்மான கோம்ப்ர லேச்செ’. தமிழ் வாக்கியத்தை மனதில் வைத்து மாற்றினால் எதிர்கால விகுதிக்குப் போய்விடுவீர்கள், கேட்பவர் அவள் இனிமேல்தான் வாங்கப்போகிறாள் என்று நினைப்பார். அதேபோல் ‘இரண்டு வருஷமா கடலூர்ல வேலை பார்க்கறேன்’ என்பதற்கும் வெறும் நிகழ்காலம் போதும்: ‘த்ரபாஹொ என் கடலூர் தேஸ்தெ ஆஸெ தோஸ் ஆஞொஸ்’. ஆங்கிலம் வழியாகப் போனால் இங்கே சுற்றுவழி, தமிழ் வழியாகப் போனால் நேர்வழி.

எதிர்மறைக்கு வினைக்கு முன்னால் ‘நொ’, அவ்வளவுதான்: ‘நொ ஆப்லொ’. பிரெஞ்சுபோல் வினைக்குப் பின்னால் இன்னொரு துண்டு ஒட்ட வேண்டாம். நம் ‘பேசவில்லை’ எல்லா ஆளுக்கும் ஒன்றாக இருப்பதால், எதிர்மறையில் விகுதியை மறந்து ‘நொ அப்லார்’ என்று சொல்பவர்கள் உண்டு. விகுதி எதிர்மறையிலும் அப்படியே நிற்கும்.

செயப்படுபொருளில் ஒரு சின்ன பரிசு கிடைக்கிறது. ‘வீடு தேடறேன்’ என்று ஐ இல்லாமல் சொல்லலாம், ‘அண்ணன் தேடறேன்’ என்று சொல்ல முடியாது, ‘அண்ணனைத் தேடறேன்’ என்றுதான் வரும். ஸ்பானிஷிலும் ஆட்கள் செயப்படுபொருளாக வந்தால் முன்னால் ஓர் ‘அ’ சேர்க்க வேண்டும்: ‘பூஸ்கொ உன காஸ’ (வீடு தேடுகிறேன்), ‘பூஸ்கொ அ மி எர்மானொ’ (அண்ணனைத் தேடுகிறேன்). பூஸ்கொ என்பதில் உள்ள முதல் ப, ‘பஸ்’ என்று சொல்லும்போது வரும் ப. காத்திரு என்ற எஸ்பெரார், கேள் என்ற எஸ்குச்சார், பார் என்ற மிரார் மூன்றும் நேராகச் செயப்படுபொருளை எடுக்கும். ‘எஸ்பேரொ எல் அவுத்தொபூஸ்’, பஸ்ஸுக்குக் காத்திருக்கிறேன். நடுவில் ‘க்கு’ தேவையில்லை.

பயிற்சிக்கு அட்டவணையை மேலிருந்து கீழாக ஒப்பிப்பதை இன்றோடு விடுங்கள். ஒப்பித்தால் ‘நாம்’ வடிவத்தை எட்ட மனது முதலில் ‘நான், நீ, அவர்’ ஏறி வரவேண்டியிருக்கும், பேச்சில் அதற்கு நேரமில்லை. ஒரு சிறு பத்தியை எடுத்து ஆளை மட்டும் மாற்றுங்கள். இதோ ஒன்று:

‘த்ரபாஹொ என் புதுச்சேரி. யேகொ அல் மெர்காதொ அ லஸ் ஸியேத்தெ. கோம்ப்ரொ பெஸ்காதொ, பாகொ, தோமொ உன் கஃபே இ கமீனொ பொர் ல ப்லாய.’

புதுச்சேரியில் வேலை பார்க்கிறேன். ஏழு மணிக்குப் பெரிய மார்க்கெட்டுக்கு வந்து சேர்கிறேன். மீன் வாங்கி, காசு கொடுத்து, ஒரு காபி குடித்துவிட்டுக் கடற்கரையில் நடக்கிறேன். தமிழில் நடு வினைகள் எச்சமாகிவிட்டதைக் கவனியுங்கள். ஸ்பானிஷில் ஒவ்வொன்றும் முற்று, ஒவ்வொன்றுக்கும் விகுதி வேண்டும்.

இப்போது இதையே அக்காவுக்கு மாற்றுங்கள்: த்ரபாஹ, யேக, கோம்ப்ர, பாக, தோம, கமீன. நெடில் இருந்த இடத்திலேயே இருக்கிறது, வால் மட்டும் மாறுகிறது. பிறகு ‘நாங்கள்’: த்ரபஹாமொஸ், யெகாமொஸ், கொம்ப்ராமொஸ், பகாமொஸ், தொமாமொஸ், கமினாமொஸ். ஆறிலும் பகுதியின் நெடில் குறிலாகி அழுத்தம் விகுதிக்குத் தாவிவிட்டது. இந்த மூன்று ஆளுக்கும் தடுமாறாமல் மாற்ற வந்துவிட்டால் மற்றவை ஒரு நாள் வேலை. உரக்கச் சொல்லுங்கள், கைப்பேசியில் பதிவுசெய்து அழுத்தத்தை மட்டும் கேளுங்கள். சாயங்காலம் வண்டி விடாத நேரத்தில் கடற்கரைச் சாலையில் நடந்துகொண்டே சொன்னால் ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அங்கே எல்லா மொழியும் கேட்டுப் பழகிவிட்டது.

‘நாம்’ வடிவத்தில் மட்டும் ஓர் இரட்டை வேடம்: ‘அப்லாமொஸ்’ பேசுகிறோம், பேசினோம் இரண்டும். எழுத்திலும் ஒலியிலும் வேறுபாடு இல்லை. ‘ஓய்’ (இன்று), ‘அயேர்’ (நேற்று) போன்ற சொல்லைச் சேர்த்துத் தெளிவாக்குவார்கள்.

அழுத்த விதி கைவந்தால் அடுத்த பாடம் பாதி முடிந்த மாதிரி. பென்ஸார் (நினை) போன்ற வினைகளில் பகுதியின் உயிர் மாறும்: பியேன்ஸொ, பியேன்ஸஸ், பியேன்ஸ, பியேன்ஸன். ‘நாம்’ மட்டும் பென்ஸாமொஸ், ‘நீங்கள் பலர்’ பென்ஸாய்ஸ். எங்கே மாறுகிறது? அழுத்தம் பகுதியில் விழும் அதே நான்கு இடங்களில். எண்ணு என்ற கொன்தார் குவேன்தொ ஆவதும், விளையாடு என்ற ஹுகார் ஹுவேகொ ஆவதும் இதே காரணத்தால்தான். அர்ஜென்டினாவில் ‘நீ’ என்பதற்கு ‘வொஸ்’ என்ற வேறு சொல் உண்டு, அதன் வினை ‘அப்லாஸ்’, ‘பென்ஸாஸ்’. அழுத்தம் விகுதிக்குப் போனதால் உயிர் மாறவில்லை. விதி அங்கேயும் பிசகவில்லை.

-இயார் என்று முடிபவற்றில் மட்டும் இரண்டு சாதி. எஸ்துதியார் எஸ்தூதியொ ஆகும், அழுத்தம் இ-க்கு முந்தைய அசையில். அனுப்பு என்ற என்வியார் என்வீயொ ஆகும், அழுத்தம் அந்த இ-யின் மேலேயே, எழுத்திலும் கோடு போட வேண்டும். எது எந்தச் சாதி என்று பார்த்துச் சொல்ல முடியாது. புதிதாக ஒரு -இயார் வினை படித்தால் ‘நான்’ வடிவத்தையும் கூடவே எழுதிவைத்துக்கொள்ளுங்கள். ஒழுங்கான மற்ற -ஆர் வினைகளில் பெரும்பாலானவற்றின் நிகழ்காலத்தில் கோடு வரும் ஒரே இடம் ‘அப்லாய்ஸ்’ வடிவம்தான். ஆப்லொ, ஆப்லஸ் மேலெல்லாம் போடாதீர்கள், தேர்வில் மதிப்பெண் போகும்.

ஒழுங்கு மீறுபவை என்று -ஆர் வினைகளில் முதல் மாதத்தில் தெரிய வேண்டியவை இரண்டு. கொடு என்ற தார்: தோய், தாஸ், தா, தாமொஸ், தாய்ஸ், தான். இரு என்ற எஸ்தார்: எஸ்தோய், எஸ்தாஸ், எஸ்தா, எஸ்தாமொஸ், எஸ்தாய்ஸ், எஸ்தான். இரண்டாவதில் ஆறு வடிவத்திலும் அழுத்தம் கடைசிப் பக்கமே விழுகிறது. பிரெஞ்சு வாய்க்கு இது மட்டும் முதல் நாளே சரியாக வரும், ஆனால் எழுத்தில் கோட்டை விட்டுவிட்டால் ‘எஸ்தா’ (இருக்கிறார்) ‘ஏஸ்த’ (இந்த) ஆகிவிடும்.